திருட்டு பிஸ்டலுக்கு இலவச சர்வீஸ்

மதியம் ஒன்றே முக்கால். மாலை ஐந்து மணிக்குள் வேட் லோமாக்ஸ் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அவனுக்கு மூன்று வருடம் சிறை. போடாவிட்டால் வழக்கு நடக்கும், தோற்றால் பதினைந்து வருடம். அரசு வக்கீல் திறந்து வைத்திருந்த இந்த இரண்டு கதவுகளைத் தவிர லோமாக்ஸுக்கு இருந்த ஒரே ஜன்னல் நாங்கள். நாங்கள் என்றால் துப்பறிவாளர் வெர்னா டகெட், வயது அறுபத்தொன்று, இடது முழங்காலுக்கு மட்டும் தொண்ணூறு. அவருடைய உதவியாளன் டெல் ஆகிய நான், பன்னிரண்டு வருடம் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்தவன். இரண்டு தொழிலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அழுக்கு எங்கே போய்த் தங்கும் என்று தெரிந்தால் போதும்.

நடந்தது இதுதான். எங்கள் ஊர் துப்பாக்கி சுடும் மைதானத்தின் முதலாளி புஃபோர்ட் டீக், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கொல்லையில் குனிந்து கறி வாட்டும் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். வாய்க்கால் பக்கமிருந்து வந்த ஒரு குண்டு அவருடைய பின்பக்கத்தின் இரண்டு பாதிகளையும் பாரபட்சம் பார்க்காமல் துளைத்துக்கொண்டு போனது. ஆள் பிழைத்துக்கொண்டார். உட்காரத்தான் முடியவில்லை. இரண்டு நாள் கழித்து வாய்க்காலில் தண்ணீரை நிறுத்தியபோது சேற்றில் ஒரு பிஸ்டல் கிடைத்தது. குண்டு அதிலிருந்து வந்ததுதான் என்று ஆய்வகம் சொன்னது. பிஸ்டல் யாருடையது என்று சொல்ல ஆய்வகம் தேவைப்படவில்லை. சொந்தக் கையால் மரத்தில் செதுக்கிய அவ்வளவு கோணலான கைப்பிடி அரிசோனாவிலேயே ஒருவனிடம்தான் உண்டு. அவன் லோமாக்ஸ். அதற்கு முந்தின வாரம்தான் வண்டி நிறுத்தும் இடத்துக்காக டீக்கோடு வாய்ச்சண்டை போட்டிருந்தான்.

"பிஸ்டல் அதுக்கு மூணு வாரம் முன்னாடியே தொலைஞ்சு போச்சு" என்பது லோமாக்ஸின் வாதம்.

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லலை?" என்பது ஷெரிஃபின் கேள்வி.

அதற்கு லோமாக்ஸ் நான்கு நாள் வாயே திறக்கவில்லை. ஐந்தாம் நாள், எங்களிடம் மட்டும், சிறைச்சாலை மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மைதானத்திலிருந்து கிளம்பும்போது பிஸ்டலைப் பிக்கப் வண்டியின் கூரைமேல் வைத்துவிட்டுச் சாவியைத் தேடியிருக்கிறான். சாவி கிடைத்தது. ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

இதில் ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. சனிக்கிழமைதோறும் அதே மைதானத்தில் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது லோமாக்ஸ்தான். எங்கள் பக்கத்தில் ஒருவனைக் கொல்லப் பார்த்தவன் என்று சொன்னால் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். பிஸ்டலைக் கூரையில் வைத்துவிட்டு ஓட்டிப் போனவன் என்று சொன்னால் பெட்ரோல் பங்கில் கூப்பிட்டு உட்கார வைத்துச் சிரிப்பார்கள். லோமாக்ஸ் யோசித்துத்தான் முதலாவதைத் தேர்ந்தெடுத்திருந்தான்.

"பாஸ், இப்ப நாம எங்க போறோம்?" என்றேன். கையில் பீன்ஸ் வைத்துச் சுருட்டிய பச்சை மிளகாய் பரிட்டோ ரொட்டி, மடியில் அதன் பாதி.

"மூணு வாரம் அந்த பிஸ்டல் இன்னொருத்தன் கையில இருந்திருக்கு" என்றார் வெர்னா. "துப்பாக்கிப் பைத்தியம் பிடிச்ச ஊருடா இது. இங்க எவன் கைக்கு ஒரு பிஸ்டல் போனாலும் அது போன மாதிரியே திரும்பி வராது. என்ன மாறியிருக்குன்னு பார்க்கணும். மாவட்டத்துலயே அதுக்கு நல்ல கண்ணு எமெட் க்ரைடருக்குத்தான்."

"க்ரைடரோட கண்ணு ஓகே பாஸ். வாய்தான்..."

"உன்னை விடவா?"

மைதானத்து வாசலில், மாடுகள் வெளியே போகாமலிருக்கச் சாலைக்குக் குறுக்கே பதித்திருந்த இரும்புக் கம்பிகளின்மேல் எங்கள் வண்டி தடதடவென்று ஏறி இறங்கியது. பரிட்டோவின் மீதியும் மடிக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து பத்தடியில் க்ரைடரின் பட்டறை. வாசலில் ஷெரிஃபின் டெபுடி நெஸ் காத்துக்கொண்டிருந்தார். கையில் முத்திரை போட்ட பையில் பிஸ்டல், இன்னொரு கையில் காகிதக் கோப்பை, வாயில் சூரியகாந்தி விதை. லோமாக்ஸின் வக்கீல் கேட்டுக்கொண்டபடி, நிபுணர் ஒருவர் பார்வையிடும்வரை சாட்சிப் பொருளோடு கூட இருப்பது அவர் வேலை.

"அஞ்சு மணி வரைக்கும்தான் டைம், மேடம்" என்றார் நெஸ், தோலைக் கோப்பைக்குள் துப்பிவிட்டு. "பையிலேர்ந்து எது எப்படிப் போச்சோ அப்படியே திரும்பி வரணும்."

எமெட் க்ரைடருக்கு வயது அறுபத்தெட்டு. நெற்றியில் ஏற்றிவிட்ட உருப்பெருக்கிக் கண்ணாடி, தோல் ஏப்ரன், ஒவ்வொரு விரல் நுனியிலும் எண்ணெய்க் கறுப்பு. முப்பத்தோரு வருடமாக அந்த மேஜையில் பிஸ்டல்களைப் பிரித்துத் திருத்தித் தருகிறவர். அவர் கையால் ஒரு பிஸ்டல் வேண்டுமென்றால் இப்போது பெயர் கொடுத்துவிட்டு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.

அவர் பிஸ்டலை வாங்கியதும் பேச்சை நிறுத்தினார். தோட்டா அடுக்கும் மேகசினை உருவினார். மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டினார். குண்டு இருக்கும் குழிக்குள் எட்டிப் பார்த்தார். சுண்டு விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். மறுபடி எட்டிப் பார்த்தார். நெஸ்ஸிடம் காட்டினார், வெர்னாவிடமும் என்னிடமும் காட்டினார். காலி என்று நான்கு பேருக்கும் தெரிந்த பிறகுதான் மேஜைமேல் வைத்தார்.

"லோமாக்ஸோடது" என்றார். "பார்த்தாலே கண்ணு வலிக்குது."

"லோமாக்ஸ் வேலை எது, அடுத்தவன் வேலை எதுன்னு இதை வச்சுச் சொல்ல முடியுமா, எமெட்?" என்றார் வெர்னா.

"ஏன் முடியாது? டெல், கையக் காட்டு."

காட்டினேன். "கல்யாணம் எப்ப நடக்கும்?"

"சட்டையில பீன்ஸ் இருக்கிற வரைக்கும் நடக்காது." அவர் என் உள்ளங்கையைத் திருப்பி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள வளைவை அழுத்தினார். "பிஸ்டல் வாங்க வர்றவன் எல்லாம் என்கிட்ட முதல்ல கேக்கிறது, எது பெஸ்ட்? நான் கேக்கிறது, கையக் காட்டு. பிடி இந்த வளைவுல நல்லா மேல ஏறி உட்காரணும். குழாய் உன் முழங்கை எலும்போட நேர்கோட்டுல இருக்கணும். விரலோட நுனிச் சதை, நகத்துக்கு நேர் கீழ இருக்கே, அது தானா ட்ரிக்கர்மேல வந்து விழணும். எட்டி எட்டித் தொட்டா குண்டு ஒரு பக்கம் போகும். விரல் ரொம்ப உள்ள போனா இன்னொரு பக்கம் போகும். செருப்பு வாங்குற மாதிரிதான். கடையிலயே கடிச்சா, வீட்டுக்குப் போயும் கடிக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் பண்ணாதே. ஐநூறு ரவுண்டு சுடு. எங்க உறுத்துதுன்னு உன் கையே சொல்லும். உறுத்தினதை மட்டும் மாத்து, ஒவ்வொண்ணா மாத்து. இந்தக் காலத்துப் பசங்க என்ன பண்றான்? வாங்கின அன்னிக்கே எட்டு பாகம் மாத்திடுறான். அப்புறம் அடைச்சுக்கிட்டா எதனால அடைச்சுதுன்னு தெரியாது."

இதை வாஷிங் மெஷினுக்கும் நான் பன்னிரண்டு வருடம் சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்டதில்லை. எனக்கு அந்த மனிதரைச் சட்டென்று பிடித்துவிட்டது.

பிறகு அவர் லோமாக்ஸின் பிஸ்டலை அக்குவேறு ஆணிவேறாகத் திட்ட ஆரம்பித்தார். வெர்னா முழங்காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

"இந்தக் கைப்பிடி. இது விறகு. அடுப்புல போட வேண்டியதை எடுத்து மாட்டியிருக்கான். வேர்வைக் கையில வழுக்காம இருக்கணும்னா பிடிமேல குறுக்கும் நெடுக்கும் மெல்லிசாக் கோடு வெட்டணும். இவன் அதுல மான் படம் செதுக்கியிருக்கான். இது மான்தானே?"

"நாய்னு நினைச்சேன்" என்றார் நெஸ்.

"குழாய் நுனியில இந்த முன்பக்கக் குறி. வயசானா கண்ணுக்குக் கிட்டத்துல இருக்கிறது மங்கலாத் தெரியும், அதனால பளிச்சுனு ஒரு நிறம் வேணும், அது சரி. அதுக்குன்னு இவன் பொண்டாட்டியோட நகப்பாலிஷைப் பூசியிருக்கான். அதுவும் வழிஞ்சிருக்கு." அடுத்து மேகசின் நுழையும் வாயைக் காட்டினார். "அவசரத்துல சொருகும்போது இடிக்காம இருக்க இந்த ஓரத்தைச் சரிவா அராவணும். அராவியிருக்கான், எலி கடிச்ச மாதிரி."

உள்ளே இருந்த சுருள்வில்லை இழுத்துப் பார்த்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. அது ஏன் முக்கியம் என்று நான் சொல்லிவிடுகிறேன், எனக்கு இது பிடிக்கும். சுட்டதும் பிஸ்டலின் மேல்பகுதி பின்னால் போய் வெற்றுத் தோட்டாவை எறிந்துவிட்டு, அந்த வில்லின் தள்ளலில் முன்னால் வந்து அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். தானாக மூடிக்கொள்ளும் கதவு மாதிரி. கதவின் வில் மிகவும் விறைப்பாக இருந்தால் பலவீனமான ஆள் தள்ளும்போது கதவு பாதிதான் திறக்கும், ஆள் நடுவில் மாட்டிக்கொள்வான். மலிவான, மெதுவான தோட்டா போடுகிற லோமாக்ஸ் இருப்பதிலேயே விறைப்பான வில்லை வாங்கி மாட்டியிருந்தான். யாரோ அவனிடம் கனமானது நல்லது என்று சொல்லியிருக்க வேண்டும்.

"இந்த வில்லுக்கே அவனை உள்ள தள்ளலாம்" என்று முடித்தார் க்ரைடர். கடைசியாகப் பிஸ்டலின் பின்புறத்துச் சின்னச் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து, ட்ரிக்கரை ஒரு தரம் அழுத்தினார். டிக். "ட்ரிக்கர் நல்லா இருக்கு." துணியால் துடைத்து மேஜையில் வைத்தார். "அவ்வளவுதான். யாரும் எதையும் மாத்தலை. எல்லாம் அவன் பண்ணின அலங்கோலம்தான்."

மணி நாலு. ஜன்னல் மூடிக்கொண்டிருந்தது.

வெர்னா எழுந்து, கொஞ்சம் காற்று வேண்டும் என்று வெளியே போனார். நூற்றெட்டு டிகிரி வெயிலில் காற்று வாங்கப் போகிறவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. நானும் பின்னால் போனேன். அவர் லோமாக்ஸின் மனைவி டானெட்டைத் தொலைபேசியில் பிடித்திருந்தார்.

"டானெட், நீ எப்பவாவது அந்த பிஸ்டலைச் சுட்டிருக்கியா?"

"ஒரே ஒரு வாட்டி" என்றது டானெட்டின் குரல். சிறைச்சாலைக் கூடத்திலிருந்து பேசினாள். "ஏங்க, அவரு பேனாவைக் கையில எடுத்து வச்சிருக்காரு. ஏதாவது கிடைச்சுதா?"

"ட்ரிக்கர் எப்படி இருந்துச்சு?"

"ட்ரிக்கரா? ஃப்ரிட்ஜைச் சரளைக்கல்லு மேல இழுக்கிற மாதிரி. இழுத்தா நிக்கும், இழுத்தா நிக்கும், அப்புறம் எப்பவோ ஒரு தடவை வெடிக்கும். என் நகமே உடைஞ்சு போச்சு. எதுக்குக் கேக்கிறீங்க?"

"அவனை அஞ்சு மணி வரைக்கும் பேனாவைக் கடிக்கச் சொல்லு. எழுத வேண்டாம்."

உள்ளே வந்ததும் வெர்னா என்னைப் பார்த்தார். "டெல், அந்த ட்ரிக்கரை நீ அழுத்திப் பாரு. நெஸ், ஆட்சேபணை இல்லையே?"

நெஸ் குழியைத் தானே இன்னொரு தரம் பார்த்துவிட்டுக் கொடுத்தார். சுவரிலிருந்த மணல் மூட்டையை நோக்கிப் பிடித்தேன். சுத்தியலை இழுத்து, விரல் நுனியை வைத்து, மெதுவாக அழுத்த ஆரம்பித்தேன். ஒன்றுமே நகரவில்லை. இன்னும் கொஞ்சம். அப்போதும் நகரவில்லை. பிறகு மெல்லிய கண்ணாடிக் குச்சி ஒன்று ஒடிவதுபோல, டிக். எனக்கே தெரியாமல் நடந்தது.

"இது எப்படி, மிஸ்டர் க்ரைடர்?" வாய் தானாகக் கேட்டுவிட்டது.

கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டிருந்தேன். அவர் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. "உள்ள சுத்தியலைப் பிடிச்சு வச்சிருக்கிறது ஒரு சின்னக் கொக்கி, உன் சுண்டு விரல் நகம் அளவுதான். ட்ரிக்கரை அழுத்தினா அது வழுக்கி விலகும், சுத்தியல் விழும். ரெண்டும் உரசுற முகம் சொரசொரன்னு இருந்தா தடுக்கித் தடுக்கித்தான் விலகும். கண்ணாடி மாதிரி இருந்தா ஒரே நொடி. ஆனா கொஞ்சம் கூடுதலா வேலை செஞ்சா கீழ விழுந்தாலே வெடிச்சிடும். பத்து நாளைக்கு மேல பொறுமையா, உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில..." அவர் நிறுத்தினார். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"தொலைஞ்சு போறதுக்கு முன்னாடி வரைக்கும் இந்த ட்ரிக்கர் சரளைக்கல்லு" என்றார் வெர்னா. "டானெட் சொல்றா. இப்ப இது கண்ணாடி."

நெஸ் மெல்லுவதை நிறுத்தினார். "அப்படின்னா லோமாக்ஸ்கிட்ட இருந்து போனதுக்கு அப்புறம்..."

"யாரோ சரி பண்ணியிருக்கான்."

"ஒரு நிமிஷம்" என்றேன். "பிஸ்டலைத் திருடினான். அதுக்கு இலவசமா சர்வீஸ் பண்ணினான். அப்புறம் டீக்கைச் சுட்டான். அப்புறம் வாய்க்கால்ல போட்டான். பன்னிரண்டு வருஷம் ரிப்பேர் தொழில்ல இருந்தேன் பாஸ், இவ்வளவு நல்ல கஸ்டமர் சேவையை நான் பார்த்ததே இல்லை."

"இப்படி வேலை தெரிஞ்சவன் யாரு, எமெட்?"

க்ரைடர் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "யார் வேணா இருக்கலாம்."

"ஃபீனிக்ஸ்ல புதுசாப் பளபளன்னு துப்பாக்கிப் பட்டறை போட்டிருக்கானே, ட்ரென்ட் கார்விஸ். உன் பெயர்ப்பலகையை வாசல்லேர்ந்து எடுத்துட்டு டீக் அவன் பேனரைத்தானே கட்டியிருக்கான்? அவன் மைதானத்துக்கு வாரா வாரம் வர்றான். அவனா இருக்குமோ?"

க்ரைடர் துணியைக் கீழே வைத்தார். "இருக்கலாம்."

"அவனேதான்!" வெர்னா தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். "நெஸ், பையில போடுங்க. ஃபீனிக்ஸ் போறோம்."

ஃபீனிக்ஸ் இரண்டு மணி நேரம். மணி நாலரை. போய்ச் சேர்வதற்குள் லோமாக்ஸ் கையெழுத்துப் போட்டு மையும் காய்ந்துவிடும். அப்படியிருந்தும் வெர்னா கிளம்புவதாகக் காணோம். நெஸ்ஸின் கையிலிருந்த பிஸ்டலை ஏதோ கோயில் சிலையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன கைடா அது, டெல்! சின்னப் பையன், முப்பது வயசு இருக்குமா? அதுக்குள்ள இப்படி ஒரு விரலா?"

"பாஸ், மணி."

"இருடா. என் அறிக்கையில இதை எழுதணும். அரிசோனாவுலயே இதுவரைக்கும் யாரும் இப்படி ஒரு ட்ரிக்கர் வேலை செஞ்சதில்லை, செஞ்சவர் ட்ரென்ட் கார்விஸ். நிபுணர் எமெட் க்ரைடர் ஒத்துக்கொண்டார். சரியா எமெட்? நாளைக்குப் பத்திரிகையில வரும். ஆளு உள்ள போனாலும் போகட்டும், பேரு நிக்கும்."

க்ரைடரின் காதுகள் சிவந்தன.

"பழைய ஆளுங்க காலம் முடிஞ்சுதுன்னு டீக் சொன்னப்ப நான் நம்பலை" என்று வெர்னா கதவை நோக்கி நடந்தார். "இதைப் பார்த்ததுக்கு அப்புறம், பாவம், அந்த மனுஷன் சொன்னதுல என்ன தப்பு?"

"நெஸ்" என்றார் க்ரைடர்.

"கார்விஸோட இந்த வேலைக்கு முன்னாடி மத்தவன் வேலையெல்லாம்..."

"அவன் வேலை இல்லை அது!"

மேஜைமேல் அடி விழுந்தது. திருகாணிகள் துள்ளின.

"கார்விஸா? அந்தப் பொடியனா? கடையில வாங்கின பாகத்தைப் பொட்டியிலேர்ந்து எடுத்து மாட்டத் தெரியும், அவ்வளவுதான் அவனுக்கு! தலைகீழா நின்னாலும் அவன் கைக்கு இது வராது! பதினொரு நாள் உட்கார்ந்தேன்! பதினொரு நாள்! ஒவ்வொரு முகத்தையும் நாலு சாணைக்கல்லுல..."

அவர் வாய் திறந்தபடியே நின்றது. நெஸ் காகிதக் கோப்பையை மேஜைமேல் வைத்தார், மிக மெதுவாக.

"பேசாம இருக்க உங்களுக்கு உரிமை இருக்கு, மிஸ்டர் க்ரைடர்" என்றார்.

"அந்த உரிமை அவருக்குப் பழக்கமே இல்லையே" என்றேன்.

வெர்னா திரும்பி வந்து அவர் எதிரே உட்கார்ந்தார். குரலில் இப்போது கேலி இல்லை. "கைப்பிடியைத் திட்டினே, நகப்பாலிஷைத் திட்டினே, வில்லைத் திட்டினே. ஊரான் செஞ்ச ஒண்ணையும் நீ நல்லா இருக்குன்னு சொல்லி நான் கேட்டதில்லை, எமெட். ட்ரிக்கர் ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு. பழைய பாகம் எங்க?"

க்ரைடரின் கண் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகள் பக்கம் போய் வந்தது. நான் போய்ப் பார்த்தேன். நான்காம் வரிசையில், அவர் கையெழுத்தில்: லோமாக்ஸ், பழசு. உள்ளே தேய்ந்த சுத்தியல் ஒன்று, சொரசொரத்த சின்னக் கொக்கி ஒன்று.

இந்தத் தொழிலில் ஒரு நியாயம் உண்டு. கழற்றிய பாகம் வேலைக்காரனுடையது அல்ல, கொண்டுவந்தவனுடையது. பையில் போட்டுப் பெயர் எழுதித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"இதைத் தூக்கி எறிஞ்சிருக்கலாமே, மிஸ்டர் க்ரைடர்?" என்றேன்.

"அது எப்படி?" அவர் உண்மையாகவே திகைத்தார். "அது அவன் பொருள்."

வெர்னா கண்ணை மூடித் திறந்தார். "அவன் பொருள் பத்திரமா இருக்கு. அவனைத்தான் உள்ள தள்ளிட்டே."

பிறகு எல்லாம் கொட்டியது. லோமாக்ஸ் கூரையில் வைத்துவிட்டுப் போன பிஸ்டல் வாசல் கம்பிகளின்மேல் வண்டி குலுங்கியபோது விழுந்திருக்கிறது. பத்தடி தள்ளி நின்ற க்ரைடர் எடுத்து வைத்திருக்கிறார்.

"திருப்பிக் குடுக்கத்தான் எடுத்தேன். ஆறு வருஷமாக் கெஞ்சுறேன், அந்த ட்ரிக்கரை ஒரு நாள் என்கிட்ட விடுடான்னு. கை வைக்காதேன்னு ஒரே பிடிவாதம். கையில வந்து விழுந்துடுச்சு. விட மனசு வரலை. பண்ணிக் குடுத்து அசத்தலாம்னு பார்த்தேன். வேலை முடிஞ்ச அன்னிக்குத்தான் டீக் என் பலகையைக் கழட்டினான். முப்பத்தோரு வருஷப் பலகை. அதைக் குப்பைத் தொட்டி மேல சாத்தி வச்சான்." அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றியிலிருந்து கழற்றினார். "அவனைச் சுடலை, வெர்னா. அவன் வீட்டுத் தண்ணித் தொட்டியிலயும் கார்விஸ் பேனரைக் கட்டியிருந்தான், வாய்க்கால் பக்கமிருந்து அதைத்தான் சுட்டேன். நம்பர் ஒன்னுன்னு போட்டிருந்தானே, அந்த ஒன்னைப் பார்த்து. ட்ரிக்கர் என்னோடது. குறி லோமாக்ஸோடது, அவன் மங்கல் கண்ணுக்கு அவன் வச்சது. அதைச் சரி பண்ண மறந்துட்டேன். டீக் அந்தப் பக்கம் குனிஞ்சிருக்கிறதையே பார்க்கலை. அலறல் கேட்டதும் பயத்துல பிஸ்டலை வாய்க்கால்ல வீசிட்டேன்."

"அப்புறம் ஏன் லோமாக்ஸை மாட்ட விட்டே?"

"விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்! லோமாக்ஸ் குறி வச்சு ஒருத்தனை அடிச்சான்னு எந்த ஜட்ஜு நம்புவான்?"

"ஜட்ஜு வரைக்கும் போகலை. அரசு வக்கீல் பேரம் பேசிட்டாரு. அஞ்சு மணிக்கு அவன் கையெழுத்துப் போடுறான். மூணு வருஷம்."

"மூணு..." க்ரைடர் ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். எண்ணெய் விரல்கள் அதில் வழுக்கின. எஃகில் மயிரிழை பார்க்கிற விரல்களால் ஒரு முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. "எனக்குத் தெரியாது. கடவுள் சத்தியமாத் தெரியாது. போனைக் குடு. நானே சொல்றேன்."

நெஸ் தலையசைத்தார். மணி நாலு ஐம்பத்திரண்டு. டானெட் முதல் மணியிலேயே எடுத்தாள், ஒலிபெருக்கியில் போட்டாள். அந்தப் பக்கம் வக்கீல் ஏதோ பக்க எண் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேட்" என்றார் க்ரைடர். "எமெட் பேசுறேன். கையெழுத்துப் போடாதே. உன் பிஸ்டலை நான்தான் எடுத்தேன். டீக் மேல பட்டதும் நான் சுட்டதுதான். டெபுடி பக்கத்துல நிக்கிறாரு, அவர்கிட்ட சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு பேனா மேஜைமேல் உருண்டு தரையில் விழுந்தது கேட்டது. டானெட் விசும்பினாள். நெஸ் தன் தொலைபேசியை எடுத்து அரசு வக்கீலின் எண்ணை அழுத்திக்கொண்டு வெளியே போனார்.

"எமெட்" என்றது லோமாக்ஸின் குரல். "வக்கீல் போன வாரம் கேட்டாரு. ட்ரிக்கர் ரொம்ப லேசா இருக்காமே, கை தவறிச் சுட்டுட்டியான்னு. அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியலைன்னு நினைச்சேன்." நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது. "நீ என் ட்ரிக்கர்ல கை வச்சியா?"

"வச்சேன்."

"சரி பண்ணிட்டியா?"

"சரி பண்ணிட்டேன், வேட். மாநிலத்துலயே அப்படி ஒண்ணு கிடையாது."

"அடப்பாவி!" ஒலிபெருக்கி அதிர்ந்தது. "சிறைக்கு அனுப்பினதைக்கூட மன்னிச்சுடுவேன்! ஆறு வருஷமா எதுக்குடா உன்னைத் தொட விடலை? இனிமே குறி தவறினா நான் யார் மேலடா பழி போடுவேன்?"